'ரன்' என்றால் ஓடுவது மட்டும்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் கற்கத் தொடங்கிய சில நாட்களிலேயே அறிமுகமாகிவிடும் சொல் 'ரன்'. மூன்றே எழுத்து, பொருள் 'ஓடு'. அத்துடன் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, ஒருவர் நிறுவனத்தை 'ரன்' செய்கிறார், இன்னொருவர் தேர்தலில் 'ரன்' செய்கிறார், துணியின் சாயம் 'ரன்' ஆகிறது, வேலி வயலோரமாக 'ரன்' ஆகிறது. முதலில் படித்த பொருள் எங்கும் ஒட்டுவதில்லை. இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டும் தமிழ் வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பழகிய வாக்கியங்களாகத்தான் இருக்கும்.

உண்மையில் இந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள்?

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் கணக்கை எடுத்துக்கொண்டால், வினைச்சொல்லாக வரும் 'ரன்'னுக்கு மட்டும் 645 பொருள்கள். பெயர்ச்சொல்லாக வரும் 'ரன்' இதில் சேராது. 1989இல் வெளியான இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற சொல்தான் முதலிடத்தில் இருந்தது. அதற்கு 430 பொருள்கள், சுமார் 60,000 சொற்களில் விளக்கம். அகராதியை முழுமையாகத் திருத்தும் பணி தொடங்கிய பிறகு அந்த இடம் 'மேக்', 'புட்' என்று கைமாறி, 2011இல் 'ரன்'னிடம் வந்து சேர்ந்தது. அந்த ஒரு சொல்லைத் திருத்தி முடிக்கப் பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாதங்கள் பிடித்தன.

645 என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். அந்த அகராதி வரலாற்று அகராதி. வழக்கொழிந்துபோன பொருள்களையும், கப்பலோட்டிகள், சுரங்கத் தொழிலாளர்கள் போன்றவர்கள் தங்களுக்குள் மட்டும் வழங்கிய பொருள்களையும் அது விடாமல் பதிவு செய்கிறது. மாணவர்களுக்கான அகராதிகளில் இந்த எண்ணிக்கை பல மடங்கு சுருங்கிவிடும். அன்றாடம் வாசிக்கவும் எழுதவும் அதில் ஒரு பகுதியே போதும்.

ஒரு சிறிய சொல்லுக்கு ஏன் இவ்வளவு பொருள்?

பழைய ஆங்கிலத்தில் இதன் மூதாதையான 'ரின்னன்' என்ற வினை, கால்களால் ஓடுவதைப் போலவே நீர் ஓடுவதையும் குறித்தது. பால் திரிந்து கட்டியாவதற்கும் அதன் நெருங்கிய உறவான ஒரு சொல்லே வழங்கியது. பாலாடைக்கட்டி செய்யப் பாலை உறையவைக்கும் பொருளுக்கு ஆங்கிலத்தில் 'ரென்னட்' என்று பெயர். அந்தப் பெயரும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே 'ரன்'னின் பொருள் ஆரம்பத்திலேயே காலோடு நின்றுவிடவில்லை.

இரண்டாவது காரணம் இலக்கணம் சார்ந்தது. தானே ஓடுவதற்கு ஒரு வினையும், ஒன்றை ஓடச் செய்வதற்கு வேறொரு வினையும் பழைய ஜெர்மானிய மொழிகளில் தனித்தனியாக இருந்தன. தமிழில் ஓடு, ஓட்டு என்று இருப்பதைப் போல. ஆங்கிலத்தில் காலப்போக்கில் இரண்டும் கலந்து 'ரன்' என்ற ஒரே வடிவமாகிவிட்டன. ஓடுகிறவனுக்கும் அதே சொல், ஓட்டுகிறவனுக்கும் அதே சொல் என்றான பிறகு பொருள் பெருகாமல் என்ன செய்யும்?

பிறகு இயந்திரங்கள் வந்தன. தறி, நீராவி எஞ்சின், ரயில், அச்சுக்கூடம், மின்மோட்டார், கணினி என்று புதிதாக வந்தவை ஒவ்வொன்றும் 'ஓடின', அவற்றை யாரோ 'ஓட்டினார்கள்'. தொழிற்புரட்சிக்குப் பிந்தைய ஆங்கிலம் புதிய வினைகளைத் தேடி அலையாமல் கைக்கு அருகில் இருந்த 'ரன்'னையே எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது.

அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். செய்தாலும் நினைவில் நிற்காது. வாக்கியத்தில் 'ரன்' வந்தால் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடுவது எது? அதற்குப் பிறகு செயப்படுபொருள் வருகிறதா?

செயப்படுபொருள் இல்லாவிட்டால் பெரும்பாலும் அது 'ஓடு'. 'தி எஞ்சின் இஸ் ரன்னிங்' என்றால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. 'தி ரிவர் ரன்ஸ் ஈஸ்ட்' என்றால் ஆறு கிழக்கே ஓடுகிறது. செயப்படுபொருள் இருந்தால் பெரும்பாலும் அது 'ஓட்டு' அல்லது 'நடத்து'. 'ஷி ரன்ஸ் எ கம்பெனி' என்றால் அவர் ஒரு நிறுவனத்தை நடத்துகிறார். 'ரன் தி டெஸ்ட் அகெய்ன்' என்றால் சோதனையை மறுபடியும் நடத்து.

விதிவிலக்குகள் உண்டு. 'ஹி ரேன் எ மராத்தான்' என்பதில் செயப்படுபொருள் இருக்கிறது, ஆனாலும் அவர் 42.195 கிலோமீட்டர் தூரத்தைத் தானேதான் ஓடினார். 'ஷி ரன்ஸ் தி மராத்தான்' என்று நிகழ்காலத்தில் வந்தால் சிக்கல் இன்னும் கொஞ்சம் கூடும். அவர் அதில் ஓடுகிறவரா, அதை ஏற்பாடு செய்து நடத்துகிறவரா என்பதை அடுத்த வாக்கியத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலேயர்களும் அப்படித்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

இந்த விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. 'கடிகாரம் ஓடுகிறது', 'படம் நூறு நாள் ஓடியது', 'வண்டி டீசலில் ஓடுகிறது', 'மனத்தில் ஓர் எண்ணம் ஓடியது', 'உடம்பில் ரத்தம் ஓடுகிறது' ஆகிய எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் 'ரன்' போடலாம். நம் 'ஓடு' ஏற்கெனவே இவ்வளவு தூரம் ஓடிவிட்டது. அது நின்றுபோகிற இடங்களை மட்டும் தனியாகப் படித்துக்கொண்டால் போதும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அந்த இடங்களைப் பற்றியவை.

ஒரு தொழிலைச் செய்வதற்கு 'ரன்', 'மேனேஜ்' இரண்டையும் சொல்கிறார்களே?

'ரன்' என்றால் முழுப் பொறுப்பு. அது சொந்தத் தொழிலாகவும் இருக்கலாம், பொறுப்பு மட்டுமாகவும் இருக்கலாம். 'மேனேஜ்' என்றால் பொதுவாக ஒரு பதவியின் கடமை. மேலே வேறொரு முதலாளி இருப்பார் என்ற தொனி அதில் உண்டு. 'மை சிஸ்டர் ரன்ஸ் எ நர்சரி' என்று கேட்டதும், முடிவெடுக்கிறவர் அந்தச் சகோதரிதான் என்று கேட்பவர் புரிந்துகொள்வார்.

தமிழில் தொழிலை 'நடத்துகிறோம்', அதாவது நடக்கவைக்கிறோம். ஆங்கிலத்தில் அதையே ஓடவைக்கிறார்கள்.

காலத்திலும் கவனம் தேவை. நிலையான தொழிலுக்கு 'ஹி இஸ் ரன்னிங் எ ஸ்கூல்' என்று எழுதினால், ஏதோ தற்காலிகமாகச் செய்துகொண்டிருக்கிறார் என்ற பொருள் தட்டும். 'ஹி ரன்ஸ் எ ஸ்கூல்' என்பதே சரி. தமிழில் 'நடத்திக்கொண்டிருக்கிறார்', 'நடத்துகிறார்' இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக ஒலிப்பதால் வரும் பிழை இது.

தேர்தலில் எதற்கு ஓட வேண்டும்?

ஓடுவது அமெரிக்கர்கள். 'ரன் ஃபார் பிரசிடென்ட்', 'ரன் ஃபார் செனட்' எல்லாம் அமெரிக்க வழக்கு. பிரிட்டனில் வேட்பாளர் 'ஸ்டாண்ட்' செய்வார், அதாவது நிற்பார். தமிழிலும் தேர்தலில் 'நிற்கிறார்' என்றுதான் சொல்கிறோம். எனவே 'ரன் ஃபார்' என்று எங்கே படித்தாலும் 'போட்டியிடுகிறார்' அல்லது 'நிற்கிறார்' என்று கொள்ளுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பு 'அதிபர் பதவிக்காக ஓடுகிறார்' என்று எழுதிவைத்தால் திருத்திவிடுங்கள்.

இதே துறையில் இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. அமெரிக்காவில் அதிபர் வேட்பாளருடன் சேர்ந்து துணை அதிபர் பதவிக்குப் போட்டியிடுபவர் 'ரன்னிங் மேட்'. இது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த சொல். முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் முன்னணியில் இருப்பவர்களுக்குள் மறுபடியும் வாக்கெடுப்பு நடத்துவது 'ரன் ஆஃப்'. பிரான்ஸில் 1965 முதல் அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது இந்த இரண்டு சுற்று முறையில்தான்.

'ரன்னிங் நோஸ்' என்று எழுதலாமா?

எழுதுகிறார்கள், ஆனால் 'ரன்னி நோஸ்' என்பதே பொது வழக்கு. 'மை நோஸ் இஸ் ரன்னிங்' என்று முழு வாக்கியமாகச் சொன்னாலும் சரிதான். தமிழில் மூக்கு ஓடுவதில்லை, ஒழுகுகிறது. நீர்த்தன்மை உள்ள எதற்கும் ஆங்கிலம் 'ரன்' போடும் என்பதை நினைவில் வையுங்கள். குழாயை மூடாமல் விட்டால் 'தி டேப் இஸ் ரன்னிங்'. துணியில் சாயம் போனால் 'தி கலர்ஸ் ஹேவ் ரன்'. குளிப்பதற்குத் தொட்டியில் நீர் நிரப்புவது 'ரன் எ பாத்'. கண்ணில் தீட்டிய மை கரைந்து வழிந்தாலும் இதே சொல்தான்.

காய்ச்சலுக்கும் இந்தச் சொல் வரும், ஆனால் வழி வேறு. 'ஷி இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்' என்றால் அவருக்குக் காய்ச்சல் அடிக்கிறது. 'ஃபீவர்' போட்டும் சொல்லலாம்.

'தி ரன்ஸ்' என்று பன்மையில் வந்தால் வயிற்றுப்போக்கு. பேச்சுவழக்கில் மட்டும் வரும் சொல் இது. அலுவலகத்துக்கு எழுதும் விடுப்புக் கடிதத்தில் வேண்டாம்.

அசையாத பொருள் எப்படி ஓடும்?

'தி ரோட் ரன்ஸ் அலாங் தி கோஸ்ட்.' சாலை கடற்கரையை ஒட்டிச் செல்கிறது. 'தி பார்டர் ரன்ஸ் த்ரூ தி வில்லேஜ்.' எல்லைக்கோடு கிராமத்தின் நடுவே போகிறது. சாலையும் எல்லையும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. பார்க்கிறவரின் கண்தான் அவற்றோடு சேர்ந்து ஓடுகிறது. தமிழில் இந்த இடத்தில் 'செல்கிறது', 'போகிறது' என்கிறோம். அதுவும் நகர்ச்சிதான், வேகம் கொஞ்சம் குறைவு.

'இட் ரன்ஸ் இன் தி ஃபேமிலி' என்பதும் இந்த வகை. ஒரு நோயோ, இசை ஞானமோ, முன்கோபமோ பரம்பரையாக வருகிறது என்று பொருள். தாத்தா, அப்பா, பேரன் என்று நீளும் ஒரு கோடாகக் குடும்பத்தைப் பார்த்தால் விளங்கிவிடும்.

காலத்தைப் பற்றிப் பேசும்போது?

நாடகம், கண்காட்சி, ஒப்பந்தம் எல்லாம் ஓடும். லண்டனில் 1952 நவம்பரில் தொடங்கிய ஒரு துப்பறியும் நாடகம், பெருந்தொற்றுக்காக 2020 மார்ச்சில் திரைச்சீலை இறங்கும்வரை இடைவிடாமல் ஓடியது. நாடக உலகில் அதைவிட நீண்ட 'ரன்' இல்லை. 'தி லீஸ் ரன்ஸ் டில் ஜூன்' என்றால் குத்தகை ஜூன் வரை செல்லுபடியாகும். 'தி ரிப்போர்ட் ரன்ஸ் டு ஃபைவ் ஹண்ட்ரட் பேஜஸ்' என்றால் அறிக்கை ஐந்நூறு பக்கம் நீள்கிறது.

'இன் தி லாங் ரன்' என்றால் நாளடைவில், நீண்ட காலக் கணக்கில் பார்த்தால்.

'ஃபார் த்ரீ டேஸ் ரன்னிங்' பலரைத் தடுமாறவைக்கும் தொடர். தொடர்ந்து மூன்று நாட்கள் என்பதே பொருள். காலத்தைக் குறிக்கும் சொல்லுக்குப் பின்னால் வரும் 'ரன்னிங்', 'இடைவிடாமல்' என்று பொருள்படும். யாரும் மூன்று நாள் ஓடவில்லை.

'ரன் லேட்', 'ரன் ட்ரை' போன்றவற்றில் அடுத்து உரிச்சொல் வருகிறதே?

அங்கே 'ரன்' தன் சொந்தப் பொருளை ஏறக்குறைய இழந்து, 'ஆகு' என்பதன் வேலையைச் செய்கிறது. 'தி வெல் ஹேஸ் ரன் ட்ரை', கிணறு வற்றிவிட்டது. 'வி ஆர் ரன்னிங் லேட்', நேரமாகிக்கொண்டிருக்கிறது. 'ரன் லோ', 'ரன் ஷார்ட்' இரண்டும் கையிருப்பு குறைவது. 'ரன் வைல்ட்' என்றால் கட்டுப்பாடின்றித் திரிவது. 'மை பிளட் ரேன் கோல்ட்' என்பதைத் தமிழில் 'ரத்தம் உறைந்துபோனது' என்போம். ஆங்கிலத்தில் ரத்தம் குளிர்வதோடு நிற்கிறது, தமிழில் உறைந்தே போகிறது.

எந்த உரிச்சொல்லையும் இஷ்டப்படி சேர்க்க முடியாது. 'ரன் ஹேப்பி' என்று யாரும் சொல்வதில்லை. புழக்கத்தில் உள்ளவை கொஞ்சம்தான், அவை வாசிப்பில் தாமாகவே பழகிவிடும்.

'அவுட்', 'இன்டு', 'ஓவர்' சேரும்போது குழப்பமாக இருக்கிறது. எப்படிப் பிரித்தறிவது?

இதுதான் உண்மையான சிக்கல். பின்னால் ஒட்டும் சிறிய சொல்தான் இங்கே பொருளைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'ரன் அவுட்' என்றால் தீர்ந்துபோவது. தீர்ந்துபோன பொருள் எழுவாயாக இருந்தால் 'தி இங்க் ஹேஸ் ரன் அவுட்'. அதை இழந்து நிற்கும் ஆள் எழுவாயாக இருந்தால் 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் இங்க்'. இரண்டாவதில் 'ஆஃப்' கட்டாயம், முதலாவதில் அது வரவே கூடாது. தமிழர்கள் எழுதும் ஆங்கிலத்தில் இந்த 'ஆஃப்' இடம் மாறி உட்கார்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். 'மை பேஷன்ஸ் இஸ் ரன்னிங் அவுட்' என்று ஒருவர் சொன்னால் அவருடைய பொறுமை தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பேச்சை அங்கே நிறுத்திக்கொள்வது நல்லது.

'ரன் இன்டு' மூன்று விதமாக வரும். வாகனம் சுவரில் மோதினால் 'ரன் இன்டு எ வால்'. பழைய நண்பரைத் தற்செயலாகச் சந்தித்தால் 'ரன் இன்டு எ ஃப்ரெண்ட்'. செலவு கோடிக்கணக்கில் போனால் 'ரன் இன்டு மில்லியன்ஸ்'. 'ஐ ரேன் இன்டு மை டீச்சர்' என்பதற்கு ஆசிரியரை மோதிவிட்டதாகவும் பொருள்கொள்ளலாம். ஆனால் வாகனம் பற்றிய பேச்சு இல்லாதவரை கேட்பவர் சந்திப்பு என்றே எடுத்துக்கொள்வார்.

'ரன் ஓவர்' இன்னும் கொஞ்சம் ஆபத்தானது. வாகனம் ஒருவர் மீது ஏறிவிடுவதும் அதுதான், குறிப்புகளை ஒருமுறை விரைவாகப் பார்த்துக்கொள்வதும் அதுதான், கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிப் போவதும் அதுதான். பின்னால் வருவது உயிருள்ளதா, தாளா, நேரமா என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

'ரன் த்ரூ' என்றால் ஒத்திகை பார்ப்பது, அல்லது ஒரு பட்டியலை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவது. பழைய வரலாற்று நாவல்களில் வந்தால் வாளால் ஊடுருவக் குத்துவது. ஆகவே 'ஹி ரேன் ஹிம் த்ரூ' என்று படிக்கும்போது ஒத்திகை என்று நினைத்துவிடாதீர்கள்.

'ரன் டவுன்' என்றாலே ஏதாவது ஒன்று கீழே போகும். பேட்டரி தீர்வதற்கும், உடல் தளர்வதற்கும், கட்டடம் பாழடைவதற்கும் இதுதான். ஒருவரை இல்லாத இடத்தில் மட்டம்தட்டிப் பேசுவதும் 'ரன்னிங் சம்ஒன் டவுன்'. இரண்டையும் சேர்த்து 'ரன்டவுன்' என்று பெயர்ச்சொல்லாக எழுதினால் மட்டும் பாதகமில்லை. அது ஒரு விஷயத்தின் சுருக்கமான விவரம்.

'ரன் அப்' என்றால் ஏற்றுவது. கொடியை ஏற்றலாம், கடனையும் ஏற்றிக்கொள்ளலாம். 'ஹி ரேன் அப் எ ஹியூஜ் பில்' என்றால் பெரிய தொகைக்குப் பாக்கி வைத்துவிட்டார். பெயர்ச்சொல்லாக வரும்போது பந்துவீச்சாளர் பந்தை வீசுவதற்கு முன் ஓடிவரும் ஓட்டமும் 'ரன் அப்', தேர்தலுக்கு முந்தைய பரபரப்பான காலமும் 'ரன் அப்'.

'ரன் பை' அலுவலகக் கடிதங்களில் மிகுதி. 'கேன் ஐ ரன் திஸ் பை யூ?' என்றால் 'இதை உங்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாமா, உங்கள் கருத்து என்ன?' என்று கேட்பது. அனுமதி கேட்பது அல்ல. ஆனால் மேலதிகாரியிடம் கேட்கும்போது அனுமதியின் சாயல் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

'ரன் அவே', 'ரன் ஆஃப்டர்' இரண்டும் ஓடிப்போவதும் துரத்துவதும்தான். சிக்கல் எதுவும் இல்லை.

கிரிக்கெட்டில் பந்து எல்லையைத் தொட்டால் யாரும் ஓடாமலே நான்கு 'ரன்' எப்படி?

நியாயமான கேள்வி. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரண்டு மட்டையாளர்களும் இடம் மாறி ஓடினால் ஒரு ஓட்டம் என்பதே அடிப்படை. அந்தக் காலத்தில் கணக்கெழுதுகிறவர் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு குச்சியில் வெட்டுக்குறி போடுவார். அதனால் ஓட்டங்களுக்கு 'நாட்ச்', அதாவது வெட்டுக்குறி என்றே பெயர் இருந்தது. எல்லைக்கோடு வந்த பிறகு, ஓடியிருக்க வேண்டிய ஓட்டங்களுக்கு ஈடாக நான்கோ ஆறோ நேராகவே கணக்கில் சேர்ந்தன. செயல் போனது, பெயர் நின்றுவிட்டது. பேஸ்பாலின் 'ஹோம் ரன்'னிலும் இதே நிலைதான். பந்து மைதானத்துக்கு வெளியே பறந்த பிறகு, ஆட்டக்காரர் அவசரமே இல்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார்.

ஆட்டமிழக்கும் 'ரன் அவுட்'டுக்கும் மேலே பார்த்த தீர்ந்துபோகும் 'ரன் அவுட்'டுக்கும் தொடர்பு இல்லை. காயமடைந்த மட்டையாளருக்குப் பதிலாக ஓடுகிறவர் 'ரன்னர்'. சர்வதேசப் போட்டிகளில் இந்த வசதியை ஐசிசி 2011 அக்டோபரில் எடுத்துவிட்டது.

'பேங்க் ரன்' என்றால் வங்கியை நடத்துவதா?

நேர் எதிர். வங்கி விழுந்துவிடும் என்ற பயத்தில் பணம் போட்டவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் எடுக்க ஓடிவருவது. எந்த வங்கியும் வாங்கிய வைப்புத்தொகை முழுவதையும் பெட்டியில் பூட்டிவைத்திருப்பதில்லை, பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்திருக்கும். அதனால் நன்றாக இருக்கும் வங்கியைக்கூட வதந்தி கவிழ்த்துவிடும். விழும் என்று பயந்து ஓடியதாலேயே அது விழும்.

2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். 2023 மார்ச் 9ஆம் தேதி அமெரிக்காவின் சிலிகான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். மறுநாள் வங்கி மூடப்பட்டது. இந்த இரண்டாவது ஓட்டத்தின் பெரும்பகுதியில் யாரும் இருக்கையை விட்டு எழவில்லை, எல்லாம் கணினியிலும் கைபேசியிலும் நடந்தது. பெயர் மட்டும் 'ரன்' என்றே இருக்கிறது.

பெயர்ச்சொல்லாக வேறு எங்கெல்லாம் வரும்?

அச்சகத்தில் ஒரே தடவையில் அடிக்கும் பிரதிகளின் எண்ணிக்கை 'பிரின்ட் ரன்'. உண்மையான பொருள்களோ ஆட்களோ இல்லாமல் நடத்திப் பார்க்கும் ஒத்திகை 'ட்ரை ரன்'. கோழிகள் நடமாட அடைத்துவிடும் வேலிக்குள் இருக்கும் இடம் 'சிக்கன் ரன்'. பனிச்சறுக்குப் பாதை 'ஸ்கீ ரன்'. மெல்லிய காலுறையில் இழை அறுந்து நீளமாக விழும் கோட்டுக்கு அமெரிக்காவில் 'ரன்', பிரிட்டனில் 'லேடர்'. போலீஸுக்குப் பயந்து ஒளிந்து திரிபவர் 'ஆன் தி ரன்'.

கணினியில்?

நிரலை 'ரன்' செய்வது என்றால் இயக்குவது. 'ரன்டைம்' என்பது அது இயங்கிக்கொண்டிருக்கும் நேரம், அந்த நேரத்தில் அதைத் தாங்கிப்பிடிக்கும் மென்பொருளையும் குறிக்கும். தமிழில் 'இயக்கு' என்பது நன்றாகவே நிலைபெற்றுவிட்டது, 'நிரலை ஓட்டு' என்றும் சொல்கிறார்கள். இரண்டும் சரி.

'ரன்', 'ரேன்' எங்கே எது?

நிகழ்காலத்தில் 'ரன்', இறந்தகாலத்தில் 'ரேன்', 'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' முன்னால் வந்தால் மறுபடியும் 'ரன்'. 'ஐ ஹேவ் ரேன்' என்பது பிழை. 'ரன்ட்' என்று ஒரு வடிவமே இல்லை.

கதையோடு கூடிய வழக்குகள் ஏதேனும் உண்டா?

மூன்றைச் சொல்கிறேன்.

'ரன் ஆஃப் தி மில்' என்றால் சிறப்பு எதுவும் இல்லாத, சாதாரணமான. ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் அப்படியே வெளிவரும் சரக்குக்கு இந்தப் பெயர் இருந்தது. நல்லதும் மட்டமும் கலந்தே இருக்கும்.

'ரன் தி கான்ட்லெட்' என்றால் எல்லாப் பக்கமும் தாக்குதலைத் தாங்கிக்கொண்டு கடந்துபோவது. 'கான்ட்லெட்' என்பது போர்வீரரின் கையுறை ஆயிற்றே, அதில் எப்படி ஓடுவது? இங்கே கையுறைக்கு வேலையே இல்லை. இரண்டு வரிசையாக நிற்கும் வீரர்கள் அடிக்க, நடுவே குற்றவாளியை ஓடவிடும் படைத் தண்டனைக்கு ஸ்வீடிஷ் மொழியில் 'காட்லாப்' என்று பெயர். 'காட்டா' என்றால் சந்து, 'லாப்' என்றால் ஓட்டம். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த அந்தச் சொல், வாய்க்கு வாய் மாறிக் கையுறையின் பெயரோடு கலந்துவிட்டது. மூலத்திலேயே ஓட்டம் இருக்க, ஆங்கிலம் முன்னால் இன்னொரு 'ரன்' சேர்த்து ஓட்டத்தை ஓடவைத்தது.

'ரன் அமோக்' என்றால் வெறிபிடித்ததுபோலத் தாறுமாறாக நடந்துகொள்வது. 'அமோக்' மலாய் மொழிச் சொல், கண்மண் தெரியாத கொலைவெறியைக் குறிப்பது. இதுவும் 17ஆம் நூற்றாண்டிலேயே 'ரன்'னோடு சேர்ந்துவிட்டது. இன்று அந்தக் கடுமை தேய்ந்து, விருந்துக்கு வந்த இடத்தில் குழந்தைகள் வீட்டைத் தலைகீழாக்கினாலும் இதையே சொல்கிறார்கள்.

எழுதும்போது 'ரன்'னைத் தவிர்க்க வேண்டிய இடம் உண்டா?

உண்டு. சட்டம், மருத்துவம், பாதுகாப்பு தொடர்பான எழுத்தில் இரண்டு பொருள் வந்தால் ஆபத்து. 'தி பம்ப் ரேன் அவுட்' என்று எழுதுவதைவிட எது தீர்ந்தது, எரிபொருளா மருந்தா என்று நேராகச் சொல்லும் வினை மேல். வேலைக்கான விண்ணப்பத்திலும் 'ஐ ரேன் எ புராஜெக்ட்' என்பதோடு நிறுத்தாமல், திட்டமிட்டீர்களா, மேற்பார்வையிட்டீர்களா, நிதியைக் கையாண்டீர்களா என்பதற்குரிய வினைகளைப் போட்டால் எதிரே இருப்பவருக்கு ஏதாவது தெரியவரும். பேச்சிலும் கதையிலும் இந்தத் தயக்கமே வேண்டாம். அங்கே 'ரன்'னைத் தவிர்த்து 'ஆபரேட்' என்று எழுதினால் வாக்கியம் விறைத்துப்போகும்.

'புல் ரன்' என்று மூன்று இடங்களில் பார்த்தேன், மூன்றும் வேறுவேறாக இருக்கின்றனவே?

ஆம், மூன்றும் வேறுதான். பங்குச் சந்தைச் செய்தியில் வந்தால் விலைகள் தொடர்ந்து ஏறும் காலம். ஸ்பெயினின் பம்ப்லோனா நகரில் ஜூலைத் திருவிழாவின்போது காளைகளுக்கு முன்னால் மனிதர்கள் தெருவில் ஓடுவதையும் அப்படிச் சொல்வார்கள், அங்கே உண்மையிலேயே கால்தான் ஓடுகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் வரலாற்றில் வந்தால் காளையும் இல்லை, ஓட்டமும் இல்லை. 'புல் ரன்' என்பது வர்ஜீனியாவில் உள்ள ஓர் ஓடையின் பெயர். அமெரிக்காவின் அந்தப் பகுதிகளில் சிற்றோடையை 'ரன்' என்றே அழைப்பார்கள். 1861 ஜூலையிலும் 1862 ஆகஸ்டிலும் அதன் கரையில் இரண்டு பெரிய சண்டைகள் நடந்தன. வடக்குப் படையினர் ஓடையின் பெயரால் 'புல் ரன்' என்றார்கள். தெற்குப் படையினர் அருகிலிருந்த ஊரின் பெயரால் 'மனாசஸ்' என்றார்கள். ஒரே சண்டை இரண்டு பெயரில் வந்தால் குழம்ப வேண்டாம்.